நீல பாட்டிலும் எலுமிச்சம்பழமும்: கோடைக்கு ஒரு ஜூஸ் வழிகாட்டி

சேலையூர் கேம்ப் ரோட்டில் சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் கையில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். மேலே இரண்டு புதினா இலை, ஓரத்தில் செருகிய எலுமிச்சை வில்லை. பெயர் மொஹிட்டோ. நாலடி தள்ளி, தள்ளுவண்டியில் லெமன் சோடா கிடைக்கிறது. அங்கே ஆட்டோக்காரர்கள் மட்டும்தான் நிற்கிறார்கள். இது கடையோடு போனால்கூடப் பரவாயில்லை. அந்த நீல சிரப்பையே பாட்டிலாக வாங்கி ஹாஸ்டல் அறையிலும் வீட்டு ஃபிரிட்ஜிலும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், அம்மா காலையில் பிழிந்து கொடுத்தனுப்பிய சாத்துக்குடிச் சாறு மத்தியானம் வாஷ்பேசினில் போகிறது. வேதியியல் வாத்தியாரான எனக்கு இரண்டுமே தினசரிக் காட்சி. ஒன்று ஃபேஷனுக்காக எடுத்த முடிவு, மற்றது வீட்டு வற்புறுத்தல். குடிக்கப்போகிற நாக்கை இரண்டிலும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி. வீட்டிலேயே கலக்கக்கூடிய புளிப்புப் பானங்கள் நாலைந்துதான். எது யாருக்கு, எப்போது என்று பார்ப்போம்.

எலுமிச்சை ஜூஸைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தரப் பழம் ஒன்று, 250 மில்லி தண்ணீர், 3 டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஆனாலும் பாதிப் பேர் கெடுப்பது இங்கேதான். சர்க்கரையை முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஆறவிட வேண்டும். ஐஸ் தண்ணீரில் கொட்டினால் அடியில் தங்கும். இனிப்பு போதவில்லை என்று இன்னும் இரண்டு ஸ்பூன் போடுவோம். பழத்தைக் கடைசிச் சொட்டு வரை நசுக்கினால் தோலும் விதையும் கசப்பைக் கொடுத்துவிடும். மார்க்கெட்டில் பெரிய பழமாகப் பொறுக்காதீர்கள். தோல் மெலிந்து, வழவழப்பாக, கையில் கனமாக இருப்பதை எடுங்கள். ஆந்திராவின் கூடூர் பக்கத்துப் பழமும் நல்ல பழம்தான். நான் தென்காசிப் பக்கத்துக்காரன், அதனால் என் ஓட்டு புளியங்குடிப் பழத்துக்கே. இதில் நடுநிலைமை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சாத்துக்குடி நல்ல பழம், தப்பான நேரத்தில் கொடுக்கப்படும் பழம். அதன் சதைக்குள் கசப்பில்லாத ஒரு சேர்மம் இருக்கிறது. பிழிந்ததும் சாற்றின் அமிலத்தோடு சேர்ந்து அது மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். காலை 7 மணிக்கு இனித்த சாறு மதிய உணவு மணிக்குக் கசப்பது இதனால்தான். பிள்ளை பொய் சொல்லவில்லை, அம்மா. பிழிந்த கையோடு குடிக்க முடிந்தால் மட்டும் பிழியுங்கள். இல்லையென்றால் தோலுரித்துச் சுளையாக டப்பாவில் வைத்து அனுப்புங்கள்.

வீட்டில் நன்னாரி வேர் ஊறவைத்துச் சர்பத் காய்ச்சும் பழக்கமிருந்தால், அதில் அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். எலுமிச்சையின் புளிப்பு தனியாக ஒத்துக்கொள்ளாத நாக்குக்கு இது சரி. உப்பும் எலுமிச்சையும் போட்ட சோடா, வியர்த்து விறுவிறுத்து வந்தவர்களுக்கு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த உப்பை மறந்துவிட வேண்டும். சோடா நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் வாயு அதிலேயே நிற்கும். கடைசியாக ஊற்றி, ஒரே ஒரு முறை கிளறினால் போதும். நார்த்தங்காய்ச் சாறு கசப்பை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

இனி நீல பாட்டில்.

மொஹிட்டோ கியூபா நாட்டுச் சரக்கு. அங்கே அது ரம், எலுமிச்சை, சர்க்கரை, புதினா, சோடா ஐந்தும் சேர்ந்தது. ரம்மை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? எலுமிச்சை, சர்க்கரை, புதினா, சோடா. தள்ளுவண்டிக்காரர் தருவதில் நாலு புதினா இலை கூட, அவ்வளவுதான். அதையே வீட்டில் கலந்து மொஹிட்டோ என்று பெயர் வைத்துக்கொண்டால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கடையிலும் பாட்டிலிலும் கிடைப்பது அதுவல்ல என்பதுதான் என் சண்டை.

பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். முதலில் சர்க்கரை, தண்ணீர். அப்புறம் ஐஎன்எஸ் 330 என்று இருந்தால் அது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான், ஆனால் எலுமிச்சையிலிருந்து வந்ததல்ல. 1917-இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்பெர்கில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சைக்குச் சர்க்கரையைத் தீனியாகக் கொடுத்து இதைத் தயாரிக்க வழி கண்டார். இன்றுவரை தொழிற்சாலைகளில் பெரும்பாலும் அந்த வழிதான். ஐஎன்எஸ் 211 என்றால் கெடாமலிருக்கச் சேர்த்த சோடியம் பென்சோயேட். ஐஎன்எஸ் 133 என்றால் செயற்கை நீலம். அந்த நீல சிரப்புக்குப் பெயர் புளூ குராசோ. அந்தப் பெயரில் ஒரு தீவே இருக்கிறது, உண்மை. கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவில் விளையும் கசப்பு ஆரஞ்சுத் தோலை வைத்துச் செய்த மதுவின் பெயர் அது. அந்தத் தோலிலும் நீலம் கிடையாது, அங்கேயும் சேர்த்த சாயம்தான்.

இவை எதுவும் விஷமல்ல, அனுமதிக்கப்பட்டவையே. என் குறை வேறு. எலுமிச்சையின் மணம் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. பழத்தை அறுக்கும்போது கத்தியில் பிசுக்கென்று படிகிறதே, அது. சிட்ரிக் அமிலத்தில் புளிப்பு உண்டு, இந்த மணம் கிடையாது. அந்தக் குறையை மறைக்க எசென்ஸ், எசென்ஸை மறைக்க இன்னும் சர்க்கரை. இத்தகைய சிரப்பில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் இருக்கும். பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. கடையில் தாராளமாகச் சரிக்கும் ஒரே டம்ளர் அந்தக் கணக்கை முடித்துவிடும். வீட்டு எலுமிச்சை ஜூஸிலும் சர்க்கரை உண்டு. ஆனால் ஸ்பூன் உங்கள் கையில் இருக்கிறது, வேண்டுமானால் குறைக்கலாம். பாட்டிலில் அந்த உரிமையை ஏற்கெனவே விற்றுவிட்டார்கள்.

அந்த பாட்டிலின் கதி என்ன? முதல் வாரம் நண்பர்கள் கூடுவார்கள், படமெடுப்பார்கள். மூன்றாம் வாரம் மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு, ஜன்னலோரம் எறும்பு வரிசை. பாதி பாட்டில் பரீட்சை முடிந்து அறையைக் காலி செய்யும்வரை அப்படியே நிற்கும்.

புதினா வேண்டும் என்பவர்களுக்கு வழி சுலபம். ஏழெட்டு இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். கரைத்த சர்க்கரைத் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு எலுமிச்சை, கடைசியில் சோடா. மிக்ஸியில் அடித்தால் பச்சை வாடையும் கசப்பும்தான் மிஞ்சும். ஐஸ் கட்டியைக் கேன் தண்ணீரிலோ காய்ச்சி ஆறவைத்த தண்ணீரிலோ உறைய வையுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்புக்கரிப்பு எந்தப் பழத்தையும் அமுக்கிவிடும்.

கால் மணி நேரமா என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். ஆமாம், கால் மணி நேரம்தான். கத்திரி வெயிலும் பிளஸ் டூ ரிசல்ட்டும் ஒன்றாக வரும் மே மாதத்தில் இந்த அவசரத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று ஒரு படிப்பு, அப்பா சொன்னார் என்று ஒரு கல்லூரி. எது தனக்கு வரும், எதில் உட்கார்ந்து உழைக்கத் தன்னால் முடியும் என்று யோசிக்க ஒரு வாரம்கூட எடுப்பதில்லை. நன்னாரி வேர் ஒரு ராத்திரி ஊற வேண்டும். கணக்குப் பாடம் சிலருக்கு இரண்டு வருஷம் ஊற வேண்டும். ஊற விடாமல் எடுத்துவிட்டு, இதில் சாரமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

பெற்றோருக்கும் இதையே சொல்வேன். நல்லது என்பதாலேயே ஒன்றைத் திணிக்காதீர்கள். பிள்ளைக்கு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளே, இந்த வாரம் எலுமிச்சை ஜூஸில் சர்க்கரையை அரை ஸ்பூன் குறைத்துக் குடித்துப் பாருங்கள், அடுத்த வாரம் இன்னொரு அரை ஸ்பூன். பிடிக்கவில்லையா, தாராளமாக நன்னாரிக்கு மாறுங்கள். மாறுவதற்குக் காரணம் உங்கள் நாக்காக மட்டும் இருக்கட்டும்; ரீல்ஸில் பார்த்தோம் என்பது ஒரு காரணமே இல்லை.