கார் ஏ.சி.யில் அனல் அடிக்கிறதா? கேஸ் அடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

அக்னி நட்சத்திரம் பிறக்கிற வாரம் பார்த்துத்தான் கார் ஏ.சி. மக்கர் பண்ணும். ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே 'கேஸ் தீர்ந்துபோச்சு சார்' என்பார்கள். பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சமாச்சாரம் இல்லை அது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. பணத்தை எடுப்பதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை சில:

1. முதலில் பொத்தான்களைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். வண்டி கழுவுகிறவரின் துணி பட்டு டெம்பரேச்சர் திருகு சிவப்புப் பக்கம் போயிருக்கும். வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்திருந்தாலும் மதிய வெயிலில் குளிர் ஏறாது.

2. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏ.சி.யைத் திட்ட வேண்டாம். கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, உள்ளே இருக்கும் அனலை வெளியேற்றுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி மாற்றுங்கள்.

3. குளிர் இருக்கிறது, காற்றுதான் வரவில்லை என்றால் கேபின் ஃபில்டர். பல கார்களில் இது டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கழற்றிப் பாருங்கள், சருகு கொட்டும். எலி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

4. ஓடும்போது ஜில்லென்று வந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? இதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர்தான் உள்ளே உறிஞ்சிய சூட்டை வெளியே தள்ளுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் கதி. எங்கள் வண்டிக்கு இதே கோளாறு வந்தபோது விவரம் தெரியாமல் கேஸ் அடித்தோம். மறுநாளே பழைய கதை. இன்னோர் இடத்தில், வேலை பழகும் பையன் ஒரு குச்சியால் ஃபேன் மோட்டாரைத் தட்டினான், சுற்றத் தொடங்கியது! கார்பன் பிரஷ் தேய்ந்திருந்ததாம். ஏ.சி. போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் நின்ற பிறகும் அது திடீரென்று சுற்றலாம், கையை விடாதீர்கள்.

5. கண்டென்சரில் புழுதியும் பூச்சியும் அப்பியிருந்தாலும் இதே தொல்லை. இன்ஜின் ஆறியபின் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். பிரஷர் வாஷ் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

6. ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் பக்கம் 'டக்' என்று சத்தம் கேட்கிறதா? கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கும் சத்தம் அது. கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, எலி கடித்த வயர் என்று வரிசையாகப் பாருங்கள். கேஸ் மிகவும் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச்சே கிடையாது. அங்கே இந்தச் சோதனை செல்லாது.

7. பானெட்டுக்குள் ஏ.சி. குழாய்கள் இரண்டு உண்டு. பத்து நிமிடம் ஓடியபின் இன்ஜினை நிறுத்தி, பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல், இன்ஜின் அறைச் சுவரருகே லேசாகத் தொடுங்கள். தடித்த குழாய் சில்லென்றும் மெல்லியது சூடாகவும் இருக்க வேண்டும். தடித்தது சில்லென்று இருந்தும் உள்ளே அனல் என்றால், டாஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் கலக்கும் சின்னக் கதவு சிக்கியிருக்கலாம். இரண்டும் ஒரே சூடு என்றால் கம்ப்ரஸர் அல்லது கேஸ்.

8. அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு காற்று குறைந்து சூடாகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கும். ஏ.சி.யை மட்டும் அணைத்து, ப்ளோயரைப் பத்து நிமிடம் ஓட விட்டால் காற்று திரும்பும். சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

9. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள், காயில் வேலை செய்கிறது. அந்தத் தண்ணீர் உங்கள் காலடி மேட்டுக்கு வந்தால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது.

10. கடைசியாக கேஸ். ரப்பர் குழாய், சீல் வழியாக ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கசிவது இயல்பு. அடித்த இரண்டே மாதத்தில் குறைந்தால் ஓட்டை இருக்கிறது. இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும் இடம்தான் அதன் அடையாளம். நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்யூம் பம்பை அரை மணி நேரமாவது ஓட விட்டபிறகே நிரப்ப வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் அடுத்த செலவு கம்ப்ரஸருக்கு. எவ்வளவு கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். 'கொஞ்சம் கூடவே அடிச்சிருக்கேன்' என்பது உபகாரம் இல்லை, அதிகமானாலும் குளிர் குறையும். கேஸ் இணைப்பை வீட்டில் கழற்றவே வேண்டாம். பல கார்களில் இருக்கும் ஆர்134ஏ என்கிற கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கையில் பீறிட்டால் தோல் உறைந்து புண்ணாகும்.

11. மின்சார கார் வைத்திருப்பவர்கள் மூன்றாவது குறிப்போடு நின்றுகொள்ளுங்கள். அதன் கம்ப்ரஸருக்குப் போகும் ஆரஞ்சு நிற வயரில் ஓடுவது ஆளைக் கொல்லும் வோல்டேஜ்.