மரம் வெட்டிய நிலத்தில் தழையும் மண்வளமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களில் மானாவாரி சாகுபடி நின்றுபோன பூமிகள் பலவற்றைச் சீமைக்கருவேல் மூடிக்கிடப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். அதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது நமது பகுதியில் அநேக குடும்பங்களுக்கு ஜீவனமாயிருக்கிறது. வெட்டிய தூர் மறுபடியும் தழைத்துச் சில வருஷங்களில் வெட்டுக்கு வந்துவிடுவதால், இதற்குச் செலவே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். செலவு உண்டு, அதை மண் கொடுக்கிறது. அச்செலவைக் குறைக்கும் வழியை இங்கே கவனிப்போம்.

எந்தப் பாகத்தில் எந்தச் சத்து

மரத்தின் எடையில் பெரும்பங்கு கட்டையாகும். ஆனால் கட்டை பெரும்பாலும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் உண்டானது. மண்ணிலிருந்து எடுத்த சத்துக்கள் இலை, மிலாறு, பட்டை இவற்றிலேயே செறிந்திருக்கின்றன. உலர்ந்த சீமைக்கருவேல் இலையில் நூற்றுக்கு 2 பங்குக்குக் குறையாமல் தழைச்சத்து உண்டு. கட்டையில் 1 பங்குகூட இல்லை. ஆகவே ஒரு டன் உலர்ந்த இலையில் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. சங்கத்தில் வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே.

தீயினால் வரும் நஷ்டம்

கட்டையை ஏற்றிய பிறகு, முள்ளுக்குப் பயந்து மிலாறையும் தழையையும் கூட்டிக் கொளுத்துவது வழக்கம். அப்போது தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விடுகிறது. சாம்பலில் சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் தங்குகின்றன என்பது உண்மையே. ஆனால் ஆடிக்காற்று சாம்பலை வாரிக்கொண்டு போகும். மிஞ்சியதை ஐப்பசி மழை அடித்துச் செல்லும். மேலும் நமது கரிசல் முன்பே சுண்ணாம்பும் காரத்தன்மையும் உடையதாதலால், சாம்பல் அதற்கு வேண்டிய பொருளன்று.

சீமைக்கருவேல் தன் வேர்முடிச்சுகளால் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கிறதே என்று சிலர் கேட்கலாம். தழைச்சத்தை அவ்விதம் ஓரளவு ஈடுசெய்யலாம். மணிச்சத்தும் சாம்பற்சத்தும் காற்றிலிருந்து வருவனவல்ல.

பிற நாட்டு அனுபவம்

தென் ஆஸ்திரேலியாவில் மணற்பாங்கான பூமியில் வளர்ந்த பைன் மரத்தோப்புகளை வெட்டி, மிச்சத்தை எரித்து, மறுபடியும் நட்டார்கள். இரண்டாம் நடவு முதலாவதைவிட இளைத்து வளர்ந்தது 1960-களில் வெளிப்பட்டது. பிற்காலத்தில் மிச்சத்தை எரிக்காமல் நிலத்திலேயே விட்டு, களையை அடக்கி, உரமும் இட்டு, அந்தக் குறைவை நீக்கினார்கள். எரித்த குறையை ஈடுசெய்ய உரத்துக்குப் பணம் வேண்டியிருக்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

செய்ய வேண்டிய முறை

1. வெட்டிய கிளைகளைச் சில நாள் நிலத்திலேயே காயவிடுக. உலர்ந்தபின் தட்டினால் சிற்றிலைகள் உதிர்ந்துவிடும். அதன்பின் கனத்த கட்டையை மட்டும் எடுத்துச் செல்க.

2. முள் மிலாறைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கி, இடையே ஆள் நடக்க வழி விடுக. இவ்வரிசைகள் மழைநீரின் ஓட்டத்தைத் தடுத்து வண்டலைப் பிடித்து வைக்கும். கரையான் ஏறி மக்கச் செய்யும்.

3. மிலாறை உழுது மண்ணில் புதைக்க வேண்டாம். கட்டைப்பொருள் மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும்.

4. பச்சை இலையை விதைக்கும் நிலத்தில் இடலாகாது. அது முளைப்பைத் தடுக்கக்கூடும். எருக்குழியில் சாணத்துடன் மக்கவைத்தே இடுக.

5. நெற்றுக்களைப் பொறுக்கி அகற்றுக. ஆடுமாடு தின்றால் விதை சாணத்தோடும் புழுக்கையோடும் அடுத்த புன்செய்க்கும் பரவும்.

6. மூட்டத்தை ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரே இடத்தில், நிலத்தின் ஓரமாகப் போடுக. வெந்த மண் பல இடங்களில் பரவாது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

அங்கத்தினர்களில் பலர் தாமே வெட்டாமல் வியாபாரிக்கு வெட்டுக்கு விடுகிறார்கள். வியாபாரிக்கு வேண்டியது கட்டை. நிலத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஆதலால், "தழையும் விரற்கடைக்கு மெலிந்த மிலாறும் நிலத்துக்கே உரியவை, தீ வைக்கலாகாது" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அவசியம். வாய்ப்பேச்சு வெட்டு முடியும்வரை நிற்பதில்லை.

இம்முறையால் முதல் வருஷத்திலேயே மரம் விசேஷமாகச் செழிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிலம் இளைக்காதிருப்பதே இதன் பலன். சந்தேகமுள்ளவர்கள் ஒரே பூமியில் சம அளவான இரண்டு துண்டுகளை அளந்து, ஒன்றில் வழக்கம்போல் எரித்தும், மற்றொன்றில் மேற்கண்டபடி செய்தும் பார்க்கலாம். அடுத்த வெட்டில் இரண்டு துண்டுகளின் கட்டையையும் தனித்தனியே எடைபோட்டு, அக்கணக்கைச் சங்கப் பொதுக்கூட்டத்தில் வைத்தால் யாவருக்கும் பிரயோஜனப்படும்.