பிரிட்ஜ் ஹம்பக்கர் வாங்குமுன்

மின்சாரக் கிதார் வாசிக்கிற நண்பர்கள் தங்கள் வாத்தியத்தின் நாதத்தில் ஏதோ குறை கண்டு, பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஹம்பக்கர் பிக்அப்பை மாற்றிவிடுவதென்று தீர்மானித்து என்னிடம் அபிப்பிராயம் கேட்க வரும்போது, எந்தப் பிக்அப்புக்கு ‘அவுட்புட்’ அதிகம் என்பதையே முதற் கேள்வியாகக் கேட்கிறார்கள். என் கிதார்களிலும் பிறர் கிதார்களிலும் இவற்றைக் கழற்றியும் மாட்டியும் பழகிய அனுபவத்தில், அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கிதாரில் எது குறைகிறது, எது மிகுகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

பிரிட்ஜ் என்னும் ஸ்தானத்துக்கென்று ஒரு சுபாவம் உண்டு. வீணையைக் குதிரைக்கு அருகில் மீட்டினால் நாதம் கூர்மையாகவும், சற்றுத் தள்ளி மீட்டினால் கனமாகவும் எழுவதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தந்தி கட்டுண்டு நிற்கும் அம்முனையில் அதிர்வின் வீச்சு சிறுத்து, அடிப்படை ஸ்வரத்தைக் காட்டிலும் மேற்ஸ்வரங்கள் ஓங்கி நிற்பதால், அங்கே வைக்கப்படும் பிக்அப் சற்று மெலிந்தும் கூர்ந்துமே பேசும். அதை ஈடுசெய்வதற்காகவே இன்றைய தயாரிப்பாளர்கள் நெக் பிக்அப்பைவிட பிரிட்ஜ் பிக்அப்பில் அதிகச் சுற்றுக்கள் சுற்றுகிறார்கள். ஆதியில் இந்தப் பேதம் இல்லை. கிப்ஸன் கம்பெனியின் ஸேத் லவர், மின்சாரக் கம்பிகளிலிருந்து வந்து சேரும் இரைச்சலை ஒழிக்கும் பொருட்டு, எதிரெதிர்க் காந்த முனைகள் கொண்ட இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கவும் தந்தியின் ஒலி ஒன்றோடொன்று கூடவும் செய்த ஹம்பக்கர் என்னும் சாதனத்துக்கு 1955-இல் காப்புரிமை கோரினார். 1957 முதல் லெஸ் பால் கிதார்களில் ஏறிய அந்தப் பிக்அப்புகள் நெக்குக்கு வேறு, பிரிட்ஜுக்கு வேறு என்று பிரிக்கப்படவில்லை. பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம் வரையில் மின்தடை காட்டிய அவற்றின் நாதத்தைத்தான் இன்றுவரை பலரும் தேடி அலைகிறார்கள். 1970-களில் லாரி டிமார்ஸியோவின் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ செராமிக் காந்தத்துடன் வந்து, வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தன் வேகத்தாலேயே முழங்கவைத்த பிறகு, பலமே லட்சணம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட கிலோ ஓம் எண்ணை அந்தப் பலத்தின் அளவாகக் கொள்வதை நான் அடியோடு மறுக்கிறேன். சுருளில் சுற்றப்படும் கம்பிகளில் 42-ஆம் எண்ணைவிட 44-ஆம் எண் மெல்லியது. ஒரு சுருளில் 42-ஆம் எண் கம்பி 8 கிலோ ஓம் காட்டுமானால், அதே நீளமுள்ள 44-ஆம் எண் கம்பி, ஒரு சுற்றுகூடக் கூடாமலே, 12 கிலோ ஓமுக்கு மேல் காட்டும். காந்தமும் கம்பியும் ஒன்றாயிருக்கும் இரண்டு பிக்அப்புகளை ஒப்பிடத்தான் அந்த எண் பிரயோஜனப்படும். உண்மையிலேயே சுற்றுக்கள் கூடும்போது ஒலி பெருகுவதோடு உச்ச ஸ்தாயியின் தெளிவும் மங்குகிறது என்பதை வாங்குபவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. கனத்த மஹாகனி உடலும் இயல்பிலேயே மந்தமான நாதமும் கொண்ட கிதாரில் மிகுதியாகச் சுற்றிய ஹம்பக்கரை வைத்துவிட்டு, கார்டு வாசித்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழைந்துபோகின்றன என்று வருந்திய நண்பர் ஒருவருக்கு, மிதமாகச் சுற்றிய அல்நிக்கோ 5 காந்தப் பிக்அப்பைப் பொருத்திக் கொடுத்தேன். டிஸ்டார்ஷனுக்கு நடுவிலும் ஆறு தந்திகளும் தனித்தனியே கேட்டன. அதற்கு நேர்மாறாக, மேப்பிள் கழுத்தும் இலேசான உடலும் கொண்டு காதைக் குத்தும் கிதாருக்கு, அல்நிக்கோ 2-இன் மிருதுவான இயல்போ, சற்று அதிகமான சுற்றுக்களோ சௌக்கியம் தரும். செராமிக் காந்தம் கீழ் ஸ்தாயியை இறுக்கிப் பிடிப்பது. வேகமான மெட்டல் வாசிப்புக்கு அது ஏற்றது, மெதுவான ப்ளூஸுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

பணத்தைச் செலவழிக்குமுன் செய்து பார்க்க வேண்டிய காரியங்கள் இரண்டு. கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்திக்கும் பிக்அப்பின் திருகுமுனைக்கும் இடையிலுள்ள தூரத்தை 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர் வரையில் ஏற்றியும் இறக்கியும், ஒவ்வொரு முறையும் அதே கார்டை வாசித்துக் கேளுங்கள். குறையென்று எண்ணியதில் பாதி இதிலேயே தீர்ந்துபோவதுண்டு. அடுத்து, வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர் 250 கிலோ ஓமா, 500 கிலோ ஓமா என்று பாருங்கள். ஸிங்கிள் காயில் பிக்அப்புகளுக்கென்று 250 வைத்த கிதாரில் ஹம்பக்கர் இருக்குமானால் அது மங்கலாகத்தான் ஒலிக்கும். பிக்அப்பின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும் 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் அந்தத் திரையை விலக்கிவிடும்.

வாங்குவதென்றே முடிவானால், பிக்அப் நிற்கும் இடத்துக்கு மேலே முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கிப்ஸன் முறையில் அது ஏறக்குறைய 50 மில்லிமீட்டர். ஸ்டிரேட்டோகாஸ்டர் வகை டிரெமலோ பிரிட்ஜுகளில் 52, 53 வரை போகும். பெரும் சத்தத்தில் வாசிப்பவர்கள் மெழுகில் தோய்த்த பிக்அப்பைக் கேட்டு வாங்க வேண்டும், தோய்க்காதது கீச்சிடும். நான்கு கம்பிகள் உள்ளதை வாங்கினால் ஒரு சுருளை மட்டும் இயக்கும் வசதியும் கிடைக்கும். பற்றவைக்கும்போது நிறக்குறிப்பில் சிரத்தை வேண்டும்: ஸீமோர் டங்கனில் ஒலி வரும் கம்பி கறுப்பு, டிமார்ஸியோவில் சிவப்பு; வேறு கம்பெனியின் நெக் பிக்அப்போடு சேர்த்து ஒலிக்கும்போது நாதம் வற்றி மெலிந்து கேட்குமானால், இரண்டும் எதிர்க் கட்டத்தில் இணைந்திருக்கின்றன என்று பொருள். உறைக்கம்பியை எர்த்திலேயே விட்டுவிட்டு, ஏதேனும் ஒரு பிக்அப்பின் ஒலிக்கம்பியையும் எர்த் கம்பியையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

இன்னதற்கென்று நிச்சயமாகாமல் எல்லாவற்றையும் வாசிக்கப் பயன்படும் கிதாருக்கு எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் முடிவு இது: 42-ஆம் எண் கம்பியில் 8 முதல் 9 கிலோ ஓம் வரை சுற்றப்பட்ட, அல்நிக்கோ 5 காந்தமும் நான்கு கம்பிகளும் உள்ள ஹம்பக்கர். போதாத பலத்தை ஆம்ப்ளிஃபயரிலோ பெடலிலோ கூட்டிக்கொள்ளலாம். பிக்அப்பில் மங்கிய தெளிவை அவற்றால் முழுவதும் மீட்க முடிவதில்லை.