கொல்லிமலையில் நிலப் பயன்பாட்டு மாற்றம்: எந்த வழி, எந்த நிலத்துக்கு?

சென்னை, கோவை போன்ற நகரங்களில் ஒரு மனை குடியிருப்புக்கு உரியதா, வணிகத்துக்கு உரியதா, வேளாண்மைக்கு உரியதா என்பதை முழுமைத் திட்டம் எனப்படும் சட்டபூர்வமான ஆவணமும் அதன் வரைபடமும் தீர்மானிக்கின்றன. மாற்றம் கோருபவர் அத்திட்டத்தை வகுத்த குழுமத்தை அணுகினால் போதும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் நகராட்சியும் இல்லை, பேரூராட்சியும் இல்லை. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு எனப் பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயரையே தாங்கிய 14 ஊராட்சிகளும், செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டமும் உள்ள இம்மலையில், ஒரு துண்டு நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்ற முடிவு வருவாய்த்துறை, வனத்துறை, நகர் ஊரமைப்பு இயக்ககம், ஊராட்சி, சில வேளைகளில் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆகியவற்றிடையே சிதறிக் கிடக்கிறது. ஆகவே, மாற்றம் கோரும் மனு எவ்வளவு நியாயமானது என்பதைவிட அது எந்த மேசைக்குப் போகிறது என்பதே பெரும்பாலும் அதன் விதியை நிர்ணயிக்கிறது.

அந்த மேசையைக் கண்டறிய, நிலத்தின் வகையை முதலில் அறிந்தாக வேண்டும். தனியார் உரிமைக்குச் சான்றாக வருவாய்த்துறை வழங்கும் பட்டா உள்ள நிலம், அரசுக்கு உரியதாயினும் மேய்ச்சல், பாதை, நீர்நிலை போன்ற பொதுப் பயனுக்காக ஒதுக்கப்பட்ட புறம்போக்கு, வனச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட காப்புக்காடு என்ற மூன்று வகைகள் இங்கே முதன்மையானவை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு ஒவ்வொரு சர்வே எண்ணும் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். புல வரைபடம் அதன் எல்லையைக் காட்டும். காடு என்று ஊரார் அழைக்கும் இடம் பதிவேட்டில் தரிசாக இருக்கலாம். தலைமுறைகளாக உழுத மேட்டுநிலம் காப்புக்காட்டு எல்லைக்குள் விழுந்திருக்கலாம். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் மனு, ‘எமது அதிகாரத்துக்கு உட்பட்டதன்று’ என்ற பதிலுடன் திரும்பி வருவதே வழக்கம்.

எல்லாருக்கும் எட்டும் வழி கிராமசபை. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் இதன் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடிவந்த சபைக்கு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்துள்ளன. புறம்போக்கு நிலத்தை மயானத்துக்கோ களத்துக்கோ பள்ளிக்கோ ஒதுக்கக் கோருவதற்கும், அத்தகைய நிலம் வேறு பயனுக்குப் போவதை எதிர்ப்பதற்கும் இதன் தீர்மானமே இயல்பான தொடக்கம். வகைமாற்றத்தை முடிவு செய்வது வருவாய்த்துறையே என்றாலும், ஊராட்சியின் கருத்து அக்கோப்பில் இடம்பெறும். ஆயினும் இதன் வலிமையை மிகையாக மதிப்பிடலாகாது. பழங்குடிப் பகுதிகளின் கிராமசபைகளுக்கு நிலத்தின்மீது கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படாமையால், மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையர் மலையாளிப் பழங்குடியினராக உள்ள கொல்லிமலைக்கும் அந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை. எனவே இங்குக் கிராமசபைத் தீர்மானம் தனித்து நின்றால் பரிந்துரை மட்டுமே. பிற வழிகளுக்கு இணைப்பாகச் சேர்க்கும்போதுதான் அதன் எடை கூடுகிறது. சர்வே எண், பரப்பு, தற்போதைய வகை, கோரப்படும் பயன் ஆகிய நான்கும் இல்லாமல் ‘ஊர் நலன் கருதி’ என்று மட்டும் எழுதப்பட்ட தீர்மானம் இணைப்பாகவும் பயன்படாது.

பட்டா நிலத்தின் உரிமையாளர் தம் விளைநிலத்தில் வீட்டுமனைப் பிரிவோ தங்கும் விடுதியோ அமைக்க விரும்பினால் அவருக்குரிய வழி வேறு. 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் அதன் கீழ் 2017இல் வெளிவந்த விதிகளும், முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் வேளாண் நிலத்தைப் பிற பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் முன் இசைவைக் கட்டாயமாக்குகின்றன. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமமாயின், 1990இல் அமைக்கப்பட்டு ‘ஹாகா’ என்று அலுவலக வழக்கில் சுருக்கி அழைக்கப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும், அதற்கு முன்னதாக வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் ஆகிய துறைகளின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். தம் வருவாய்க் கிராமம் அப்பட்டியலில் உள்ளதா என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுதல் விண்ணப்பச் செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். தனி உரிமையாளருக்கு இதுவே நேரான பாதை. ஊர் முழுவதன் நோக்கில் பார்த்தால் இதுவே குறைபாடு மிக்கது. ஏனெனில் ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாக எடைபோடப்படுகிறது, நூறு விண்ணப்பங்கள் சேர்ந்து ஒரு சரிவையும் அதன் ஊற்றுகளையும் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அக்கோப்புகள் எதிலும் இடமில்லை.

இங்கு ஓர் இடைக்குறிப்பு பொருந்தும். கடந்த சில பத்தாண்டுகளில் கொல்லிமலை கண்ட மிகப் பெரிய நிலப் பயன்பாட்டு மாற்றம் எந்த அலுவலகத்தின் இசைவையும் கோரவில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டுநிலங்களில் பெரும்பகுதி, சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கும், சில்வர் ஓக் மரங்களில் படரும் மிளகுக்கும், காப்பிக்கும் மாறியது. பயிருக்குப் பயிர் மாறுவது சட்டத்தின் கண்ணில் மாற்றமே அன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியங்களை மீட்க மேற்கொண்ட நெடுநாள் பணி விதை வங்கி, அரவை இயந்திரம், மகளிர் குழுக்கள் வழியான விற்பனை என்பனவற்றைச் சார்ந்து நின்றதன் காரணமும் இதுவே. பயிர்மாற்றத்தைப் பற்றிய கவலை உடையோர் திட்ட அலுவலகங்களில் காலத்தைச் செலவிடுவதைவிடச் சந்தையில் செலவிடுவது பலன் தரும்.

காட்டு நிலத்தைப் பொறுத்தவரை, மலைவாழ் மக்களின் கையில் உள்ள மிக வலுவான கருவி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயம் வழங்குதல் முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே வழி திறந்தது. அந்த எட்டு ஆண்டுத் தாமதமே, இச்சட்டம் இன்னும் பல ஊர்களில் பழகாத ஒன்றாக இருப்பதற்கு முக்கியமான காரணம். இச்சட்டத்துக்குள்ளேயே வேறுபட்ட இரண்டு வழிகள் உள்ளன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால் பல கோரிக்கைகள் வீணாகின்றன.

முதலாவது, 3(2) பிரிவின் கீழ் காட்டு நிலத்தைப் பொது வசதிக்கு மாற்றுதல். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சிறு நீர்நிலை, சாலை, சமுதாயக் கூடம் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாதவாறு, கிராமசபை பரிந்துரைத்தால் மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே வழங்கலாம். வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட நடைமுறையோடு ஒப்பிடுகையில் இது குறுக்குவழி. சாலையில்லாச் சிற்றூருக்குப் பாதை கேட்பவர்கள் வேறு எதையும் தேடத் தேவையில்லை.

இரண்டாவது, சமூக வன வள உரிமை. ஊரார் மரபாகப் பாதுகாத்துப் பயன்படுத்திவந்த காட்டுப்பகுதியை, காப்புக்காடாக இருப்பினும், பாதுகாக்கவும் மீளுருவாக்கவும் நிர்வகிக்கவும் அந்த ஊருக்கே உள்ள உரிமையை இது அங்கீகரிக்கிறது. கோயில் காடுகள் நிறைந்த கொல்லிமலைக்கு இது மிகவும் பொருந்தும். கிராமசபை வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுத்து, கோரிக்கையைச் சரிபார்த்து, வரைபடத்துடன் உட்கோட்டக் குழுவுக்கு அனுப்ப, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு இறுதி முடிவெடுக்கிறது. முதியோரின் வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும். உழைப்பும் காலமும் மிகுதியாகக் கோரும் வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் வழி ஒரு கட்டடத்தைத் தந்து முடிந்துவிடும். இரண்டாவது வழி, அக்காட்டில் இனி என்ன நிகழலாம் என்ற ஒவ்வொரு கேள்வியிலும் ஊரை ஒரு தரப்பாக்கி வைக்கும். இரண்டில் ஒன்றுக்கே ஆற்றல் உள்ள ஊர், அவசரத் தேவை இல்லாதவிடத்து, இரண்டாவதைத் தேர்வதே தக்கது.

இங்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கொல்லிமலையின் ஒரு நாடு என்பது மேடு பள்ளங்களால் பிரிந்த பல சிற்றூர்களின் தொகுப்பு. ஒட்டுமொத்த ஊராட்சியின் கிராமசபைக்கு, ஒரு மூலையிலுள்ள சிற்றூரின் காட்டைப் பற்றிய அறிவும் அக்கறையும் இருக்க வேண்டியதில்லை. வன உரிமைக் கோரிக்கைகளுக்கான கூட்டத்தைச் சிற்றூர் அளவிலேயே கூட்டலாம் என்று பழங்குடியினர் நல அமைச்சகம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்காகவே பயன்படுகிறது. உறுப்பினரில் பாதிப்பேர் வருகை தர வேண்டும், வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றுவதும் சிற்றூரில் எளிது.

மேற்கண்டவை யாவும் துண்டு துண்டான நிலங்களுக்கு உரியவை. முழு மலையின் எதிர்காலத்தை ஒரே வரைபடத்தில் விவாதிக்கும் வாய்ப்பு, அரசு மண்டலத் திட்டமோ முழுமைத் திட்டமோ வகுக்கும்போது மட்டுமே வருகிறது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வரைவு வெளியானபின் இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலத்தை ஆட்சேபங்களுக்கும் யோசனைகளுக்கும் ஒதுக்குகிறது. நடைமுறைக்கு வந்த திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மறுஆய்வு செய்ய 32ஆம் பிரிவு இடந்தருகிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் தனிமனிதர்கள் நில உபயோக மாற்றம் கோருவதும் இதே பிரிவின் வழியாகத்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளூர்த் திட்டங்களைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் திருத்தக்கூடாது, வந்த முன்மொழிவுகள் அனைத்தையும் ஒன்றாக வைத்தே ஆராய வேண்டும் என்று சட்டம் வகுத்திருப்பது, தனித்தனி விண்ணப்பங்களின் கூட்டு விளைவு கவனத்துக்குத் தப்பாமல் இருக்கவே. தமிழ்நாட்டு முறையில் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆகவே வரைவு வெளியாகும் அந்த இரண்டு மாதங்களைத் தவறவிடுவதன் இழப்பு இங்கு மிகப் பெரிது. சரிவு, ஊற்று, கோயில் காடு, பாதை ஆகியவற்றைக் குறித்த ஊர் வரைபடத்தை முன்னரே ஆயத்தமாக வைத்திருக்கும் ஊராட்சியே அக்காலத்துக்குள் பயனுள்ள யோசனையைத் தர இயலும்.

சுரங்கம், பெருந்திட்டம் போன்றவற்றில் மக்கள் முன்மொழிபவர்களாக அன்றி எதிர்வினை ஆற்றுபவர்களாகவே நிறுத்தப்படுகின்றனர். மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காகக் கொல்லிமலையில் பாக்சைட் வெட்டப்பட்டது இம்மலை அறிந்த அனுபவம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கோரும் பொது விசாரணை 30 நாள் முன்னறிவிப்புடன் நடைபெற வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அங்குச் சொல்லப்படும் ஆட்சேபம் பதிவாகும், முடிவைக் கட்டுப்படுத்தாது. எனினும் பதிவாகாத ஆட்சேபத்தைப் பின்னர் மேல்முறையீட்டில் நிலைநிறுத்துவது கடினம் என்பதால், எழுத்து வடிவில் அளித்து ஒப்புகை பெறுவது இன்றியமையாதது.

நீதிமன்றம் இறுதி வழி. கொடைக்கானலில் விதிகளுக்கு விலக்கு அளித்து அனுமதிக்கப்பட்ட ஏழுமாடி விடுதிக்கு எதிராகப் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அவ்விலக்கை 1995இல் ரத்து செய்தது. அங்கு மீறப்பட்ட விதி எழுத்தில் தெளிவாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்கு எதிராகச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுக 30 நாள்களே உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் வரை கிடைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணையின் நகலைக் கோரினால் பதிலுக்கே 30 நாள்கள் ஆகும் என்பதால், அதை நம்பிக் காத்திருப்போர் காலக்கெடுவை இழப்பர். அனுமதி ஆணையின் நகலைத் திட்ட உரிமையாளர் ஊராட்சித் தலைவருக்கு அளிக்க வேண்டும், ஊராட்சி அதை 30 நாள்கள் காட்சிப்படுத்த வேண்டும் என்று மேற்கூறிய 2006ஆம் ஆண்டு அறிவிக்கை விதிக்கிறது. ஆகவே ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையை வாரந்தோறும் பார்த்து, நகல் வந்த தேதியைக் குறித்துக்கொள்ள ஒருவரைக் கிராமசபையே நியமித்துக்கொள்வது நல்லது.