பேக்கேஜ் எவ்வளவு, கையில் எவ்வளவு?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் லஸ் முனையிலோ தி.நகர் பஸ் நிலையத்திலோ நின்றால், கல்லூரி விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. மாணவர் படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஆண்டுச் சம்பளம்: 40 லட்சம், 50 லட்சம். அந்த எண்ணை நம்பித்தான் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது.

நம்பிக்கை: எவ்வளவு செலவானாலும் சரி, வேலை கிடைத்ததும் இரண்டே வருடத்தில் அடைத்துவிடலாம்.

உண்மை: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 2.5 லட்சமாக நான்கு ஆண்டுக்கு 10 லட்சம் கல்விக்கடன், வட்டி 10 சதவீதம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்தாண்டுக்குத் தனிவட்டியே 3.5 லட்சம். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 13.5 லட்சமாக நிற்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய் வேண்டும்.

வரவு என்ன? பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பெரும்பாலோருக்கு ஆண்டுக்குச் சுமார் 3.5 லட்சம். பத்தாண்டுக்கும் மேலாக இந்தத் தொகை பெரிதாக நகரவில்லை. பி.எஃப். பிடித்தம் போக மாதம் 25,000 கைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், தவணை கட்டியபின் மிஞ்சுவது ஏழாயிரத்துச் சொச்சம். ஓ.எம்.ஆர். பக்கம் விடுதி வாடகைக்கே அது போதாது. மிச்சத்தை அப்பாவின் சம்பளம்தான் தாங்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: விளம்பரத்தில் உள்ள சம்பளம் முயன்றால் எல்லாருக்கும் கிடைக்கும்.

உண்மை: அது ஒருவரோ இருவரோ வாங்கிய உச்சம். அதிலும் போனஸ், பங்குகள், பணிக்கொடை எல்லாம் சேர்ந்திருக்கும். பார்க்க வேண்டியது இடைநிலைச் சம்பளம்; அதாவது, வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இதை எழுதிக் கொடுத்து, தங்கள் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். கல்லூரியே தரும் கணக்கு என்பதால், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கட்டங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்பிக்கை: கட்டணம் குறைந்தால் தரமும் குறைவு.

உண்மை: 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியின் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. கலந்தாய்வில் முதலில் நிரம்பும் இடங்களில் அதுவும் ஒன்று. தனியார் கல்லூரியிலும் ஒரே பெஞ்சில் உட்காரும் இருவர் வேறு வேறு தொகை கட்டுகிறார்கள்: 2017-இல் நிர்ணயித்தபடி, தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக்கு 55,000, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 87,000. அதற்கு மேல் நன்கொடை கேட்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்துகிறது.

அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. வாசலைக் கடக்கும்போது, ‘அதெல்லாம் நமக்குக் கட்டாது’ என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அங்கே பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் என்பது உண்மைதான். ஆனால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் இருந்தால் முழு விலக்கு. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு.

அடகுக்குப் போன நகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 7.5 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குப் பொதுத்துறை வங்கிகளில் சொத்து அடமானம் தேவையில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் இருக்கிறது. மேலே போட்ட கணக்கின் 3.5 லட்சம் அந்த வட்டிதான். வருமானச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் முதல் நாளே இதைக் கேட்டுவிடலாம்.