ஃபிளாஷ் விளக்கின் சக்தியும் முகத்தின் நிறமும்

வீட்டின் ஓர் அறையிலோ சிறிய கடையிலோ மனிதர்களை உட்காரவைத்துப் படமெடுக்கத் தொடங்குகிறவர், முதல் ஃபிளாஷ் விளக்கை வாங்கப் போகும்போது கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை வாட்?" என்பதாகவே இருக்கிறது. பெட்டியில் 200 என்று அச்சிட்டிருந்தால் சாமானியம் என்றும், 400 என்றால் அதனினும் இருமடங்கு உயர்வு என்றும், 600 என்றால் தொழில் செய்கிறவர்களுக்கே உரியது என்றும் ஓர் அபிப்பிராயம் மனத்தில் வேரூன்றிவிட, கையிலுள்ள பணத்தையெல்லாம் அந்த ஒரே எண்ணின்மேல் செலவழித்துவிட்டு, குடைக்கும், ஒளியைப் பரப்பும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸுக்கும், உறுதியான ஸ்டாண்டுக்கும் ஒன்றும் மிஞ்சாமல் வீடு திரும்புகிறவர்கள் பலர். இதனால் விளையும் நஷ்டம் பணத்தோடு நின்றுவிடுமானால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. படத்திலுள்ள முகங்களும் இதனால் கெடுகின்றன.

அந்த எண் குறிப்பது வாட்-செகண்டை, அதாவது விளக்கினுள் இருக்கும் கெப்பாசிட்டர் சேமித்து வைக்கக்கூடிய மின்சக்தியின் அளவை. மாடியிலுள்ள தொட்டியின் கொள்ளளவை மட்டும் கேட்டுவிட்டுக் குழாயில் எவ்வளவு நீர் வரும் என்று சொல்ல முடியாததுபோல, இந்த எண்ணைக் கொண்டு முகத்தின்மேல் விழப்போகும் ஒளியை நிச்சயிக்க முடியாது. செனான் வாயு நிரம்பிய குழல், அதன் பின்னாலுள்ள கிண்ணம், முன்னால் மாட்டும் துணி ஆகியவற்றின் தரத்தைப் பொறுத்து, ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு விளக்குகள் வெவ்வேறு அளவு ஒளியைத் தருவது சகஜம். மேலும் படக்கலையில் ஒளியின் கணக்கு இருமடங்கு இருமடங்காக ஏறுவது; அந்த ஒவ்வோர் இருமடங்குக்கும் ஸ்டாப் என்று பெயர். 200-லிருந்து 400-க்குப் போனால் கிடைப்பது ஒரே ஒரு ஸ்டாப். எஃப் 8-இல் எடுத்த படத்தை எஃப் 11-இல் எடுக்கலாம், அவ்வளவுதான். 400-லிருந்து 600-க்குப் போனாலோ அரை ஸ்டாப்புக்குச் சற்றே அதிகம். ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-லிருந்து 200-க்கு மாற்றினால் செலவில்லாமலே ஒரு முழு ஸ்டாப் கிடைக்கிறது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஓர் அறையில், முகத்துக்கு நாலடி தூரத்தில் குடை மாட்டிய 200 வாட்-செகண்ட் விளக்கை வைத்து எஃப் 5.6-இல் ஒருவரை மார்பளவு படமெடுப்பதற்கு, அதன் முழுச் சக்தி பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. கால் பங்கிலோ அதற்கும் கீழேயோ காரியம் முடிந்துவிடும். பின்புலம் கலங்கித் தெரியவேண்டுமென்று எஃப் 2.8-க்குத் திறந்தால் இன்னும் குறைந்த ஒளி போதும். பதினாறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க மறுக்கிற 600 வாட்-செகண்ட் விளக்கு அப்போதும் 37-க்கு மேற்பட்ட வாட்-செகண்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். முப்பத்திரண்டில் ஒரு பங்குவரை இறங்கும் 200 வாட்-செகண்ட் விளக்கோ ஆறேகாலில் அடங்கிவிடும். ஆகவே சிறிய அறைக்கு விளக்கு வாங்குகிறவர், எவ்வளவு ஏறும் என்பதைவிட எவ்வளவு இறங்கும் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டபின் ஃபிளாஷே அவசியமில்லை என்பாரும் உண்டு. வீடியோவுக்கு அவை இன்றியமையாதவை, நிழல் எங்கே விழுகிறதென்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வதற்கும் மிகப் பிரயோஜனமானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 200 என்ற எண் இரண்டிலும் ஒன்றையே குறிக்கிறது என்று நினைப்பது பிரமை. 200 வாட் எல்.இ.டி. விளக்கு, 125-இல் ஒரு விநாடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் செலவழிப்பது 1.6 வாட்-செகண்ட், அதே நேரத்துக்குள் ஃபிளாஷ் தன் 200 வாட்-செகண்டையும் கொடுத்து முடித்துவிடுகிறது. மின்சாரத்தை ஒளியாக்குவதில் எல்.இ.டி. இரண்டு மூன்று மடங்கு சிக்கனமானது என்று கழித்தாலும், மிஞ்சும் வித்தியாசம் நாற்பது மடங்குக்கு மேல். அந்தக் குறையை ஈடுகட்டப் பிரகாசத்தைக் கூட்டினால், எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொள்வார், கண்மணியும் சிறுத்துவிடும். ஃபிளாஷில் அப்படியில்லை, அதனுள்ளேயே தொடர்ந்து எரியும் மங்கலான மாடலிங் விளக்கின் கீழ் கண்மணி விரிந்தே இருக்க, அது சுருங்குவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

வெள்ளைத் துணி மாட்டினால் ஒளி மென்மையாகிவிடும் என்பது மற்றொரு நம்பிக்கை. இதில் பாதி வாஸ்தவம் இருப்பதாலேயே இது நீங்குவது கடினமாயிருக்கிறது. நிழலின் ஓரம் கூர்மையாக இருப்பதும் கரைந்து போவதும், முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் விட்டமுள்ள சூரியன், 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் வானத்தில் அரை டிகிரி அகலமே தெரிகிறது. நடுப்பகலில் அதன் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விழுகிறது. மேகம் மூடியதும் வானம் முழுவதும் விளக்காகி நிழல் கரைந்துவிடுகிறது. அறையிலும் இதுவே நியதி. 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை முகத்திலிருந்து 60 சென்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள்: மூக்கின் கீழுள்ள நிழல் மேலுதட்டில் மெல்ல மெல்லத் தேய்ந்து, எங்கே முடிந்ததென்றே தெரியாது. அதையே 180 சென்டிமீட்டருக்கு நகர்த்துங்கள்; துணி அதேதான், விளக்கும் அதேதான், ஆனால் நிழலுக்கு ஓரம் முளைத்துவிடும், கண்ணாடி அணிந்தவரானால் அதன் சட்டமும் கன்னத்தில் கோடாக விழும். ஒளியும் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. அதைச் சரிக்கட்டவே இன்னும் பெரிய விளக்கு வேண்டுமென்ற எண்ணம் பிறக்கிறது. நகர்த்தி வைத்தாலே தீர்ந்துவிடும் குறைக்குப் பணம் பரிகாரமாகத் தேடப்படுகிறது.

கிட்டே வைப்பதிலும் ஒரு தாரதம்மியம் உண்டு. விளக்கு கன்னத்திலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால், அதற்கு 15 சென்டிமீட்டர் தள்ளியுள்ள மறுபக்கத்துக்கு எட்டுவது ஏறக்குறைய அறுபது சதவீத ஒளியே. முகத்துக்கு உருண்டை வடிவம் கிடைக்கும், ஆனால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அவர் இருளில் ஆழ்ந்துவிடுவார். விளக்கை இரண்டு மீட்டருக்குக் கொண்டுபோனால் மறுபக்கத்துக்கும் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் எட்டும். தம்பதியரைப் படமெடுப்பவர் தூரமாக வைத்துப் பெரிய குடையைக் கொள்ளவேண்டும் என்பதன் காரணம் இதுதான். சுவரையும் மறந்துவிடலாகாது. நம் வீடுகளில் பச்சையும் ரோஜா நிறமும் பூசிய சுவர்கள் ஏராளம்; குடையிலிருந்து சிதறும் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பி, முகத்தின் நிழற்பக்கத்தை அந்த நிறத்திலேயே தோய்த்துவிடும். நிழற்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மகோல் பலகையையோ கறுப்புத் துணியையோ நிறுத்துவது, எந்த விலையுயர்ந்த சாதனத்துக்கும் குறைந்த உபகாரமன்று.

ஷட்டரின் வேகத்தை மாற்றி ஃபிளாஷின் ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம் என்ற இன்னொரு நம்பிக்கை முற்றும் தவறு. ஆயிரத்தில் ஒரு விநாடியளவில் அடித்து ஓய்ந்துவிடும் ஒளியை அபெர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வுமே கட்டுப்படுத்தும்; ஷட்டர் ஆள்வது அறையின் குழல்விளக்கையும் ஜன்னல் வெளிச்சத்தையுமே. பெரும்பாலான காமிராக்களில் 200-இல் அல்லது 250-இல் ஒரு விநாடிக்கு மேல் வேகத்தைக் கூட்டினால் படத்தின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பட்டை விழும்.

இனி, இவையெல்லாவற்றிலும் நமக்கு அதிகத் தீங்கு செய்திருக்கிற நம்பிக்கைக்கு வருகிறேன். கறுத்த மேனியருக்கு அதிகச் சக்தியுள்ள ஒளி வேண்டும் என்பது அது. இதன் பிறப்பிடம் காமிராவின் மீட்டர். தன் எதிரில் உள்ளதெல்லாம் சராசரியான சாம்பல் நிறமே என்று கொண்டு கணக்கிடுவது அதன் ஸ்வபாவம். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த மணமகனை முன்னால் நிறுத்தினால் அது ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும், பழி அவருடைய நிறத்தின்மேல் விழும். கருநீலச் சேலை உடுத்திய பெண்ணைக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாலோ ஒளியைக் கூட்டி அவளை வெளுக்கவைத்துவிடும். கையில் பிடிக்கும் லைட் மீட்டரை மோவாயின் கீழ் வைத்து, அதன் வெள்ளைக் குமிழைக் காமிராவின் பக்கம் திருப்பி, வந்து விழும் ஒளியை அளந்தால் இந்தத் தொல்லையே இல்லை. யாருடைய மேனி எந்த நிறம் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. அது சொன்ன அபெர்ச்சரில் எடுத்தால் சிவந்தவர் சிவந்தவராகவும், கறுத்தவர் கறுத்தவராகவும், அவரவர் அழகோடு விளங்குவர்.

சாதனங்களும் இவ்விஷயத்தில் நெடுங்காலம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. வண்ண அச்சுகளை ஒழுங்குபடுத்துவதற்காகக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிவந்த 'ஷெர்லி' அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக நின்றது. பல நிறத்தவரும் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. அந்த அளவுகோல் போனபின்னும் அதன் பழக்கம் நம்மிடையே போகவில்லை. "கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள்" என்று கேட்கிறவரும், கேளாமலே வெளுப்பாக்கித் தருகிறவரும் இன்றும் இருக்கிறார்கள். ஒரு மனிதரைப் பார்த்து, உம்முடைய நிறத்தோடு உம்மைப் படத்தில் வைக்க இயலாது என்று சொல்வதற்கு இது சமானம் என்றே நான் கருதுகிறேன்.

கறுத்த மேனியின் வடிவத்தைக் காட்டுவது பிரதிபலிப்பு. வெற்றிலைச் சிவப்பேறிய உதடும் எட்டுக்கல் மூக்குத்தியுமாக ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரிலிருந்து சிறிய விளக்கை முழுச் சக்தியில் அடித்தால், நெற்றியின் எண்ணெய்ப் பசையில் ஒரு வெள்ளைத் திட்டு, மூக்கு நுனியில் ஒரு திட்டு, மற்றதெல்லாம் தட்டை. அந்தச் சக்தியைப் பாதியாக்கி, நாலடி அகலமுள்ள வெள்ளைத் துணியைப் பக்கவாட்டில், கிட்டத்தில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். நெற்றிப்பொட்டிலிருந்து கன்னத்தெலும்பு வழியாகத் தாடைவரை ஒரு நீண்ட பளபளப்பு இறங்கும். சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தன் மேட்டையும் பள்ளத்தையும் காட்டும். மூக்குத்தியின் ஒவ்வொரு கல்லிலும் அந்தத் துணி சிறிதாகத் தெரியும். மேனியின் நிறம் சிறிதும் மாறியிராது.

ஃபிளாஷ் கைக்குழந்தையின் கண்ணைக் கெடுக்கும் என்ற பயத்துக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. 1887-இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் உண்டாக்கிய மக்னீசிய ஃபிளாஷ் பொடி, நெருப்பும் புகையுமாக எரிந்தது. அதைக் கண்டு அஞ்சியது நியாயமே. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் வளர்த்த மின்ஃபிளாஷில் அந்த நெருப்பு இல்லை. கண் மருத்துவர்கள் விழித்திரையைப் படமெடுக்கும் காமிராவே செனான் ஃபிளாஷால் இயங்கிவந்திருக்கிறது. சாஃப்ட்பாக்ஸ் வழியாக வரும் ஒளியால் குழந்தை திடுக்கிட்டு விழிக்கலாம். கண்ணுக்கு ஊறு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்சவேண்டியது விளக்கின் உள்ளே இருக்கிறது. பல விளக்குகளில் கெப்பாசிட்டர் தாங்கியிருப்பது 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம். பிளக்கைப் பிடுங்கியபின்னும் அது உடனே வடிந்துவிடாது. பழுதென்று திருப்புளியைக் கையிலெடுப்பவரின் உயிருக்கே அதனால் ஆபத்து நேரலாம். ஆதலால் பெட்டியில் 600 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், பழுது பார்க்கத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா, அந்த விளக்குக்கு மாற்றுக் குழல் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு, 200-லேயே நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, மிஞ்சிய பணத்தில் நாலடி அகலத்துக்கு ஒரு சாஃப்ட்பாக்ஸும், கால் பரந்த ஸ்டாண்டும், அதன் காலில் கட்ட ஒரு மணல் மூட்டையும், கையில் பிடிக்கும் மீட்டரும் வாங்கிக்கொள்வது உத்தமம்.