எந்தக் காபித்தூளை இறக்குவது? சுவைச் சோதனைக்கு ஒரு கணக்கு

புதுக் கலவை போடுமுன் வாடிக்கையாளரிடம் "பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். ஒருவரின் ஏழும் இன்னொருவரின் ஏழும் ஒன்றல்ல. இரண்டு டம்ளர் கொடுத்து "எது பிடிச்சிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

சிக்கரி கலக்காதது, 20 சதவீதம் கலந்தது, 40 சதவீதம் கலந்தது என மூன்று தூள். முறையே அ, ஆ, இ. மூன்று ஜோடி வரும். ஜோடிக்கு 60 பேர், ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு ஆட்கள். பால், சர்க்கரை, சூடு எல்லாம் ஒரே அளவு.

அடுத்தது வரிசை. முதலில் குடிப்பதற்கே பலருடைய வாக்கு சாயும். அதனால் பாதிப் பேருக்கு அ முதலில், மீதிப் பேருக்கு ஆ முதலில். டம்ளரில் 417, 682 என்று ஏதாவது எண் ஒட்டுங்கள். அ, ஆ என்று எழுதினால் அதுவே ஆளை இழுக்கும். இதில் கோட்டைவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் காப்பாற்றாது. நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுங்கள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பவரையும் ஒன்றைச் சொல்லவையுங்கள்.

இனி 1952-இல் பிராட்லி, டெர்ரி இருவரும் வெளியிட்ட கணக்கு. ஒவ்வொரு தூளுக்கும் ஒரு பலம் உண்டு. அ-வின் பலத்தை, அ, ஆ இரண்டின் பலக் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஆ-வை அ வெல்லும் வாய்ப்பு கிடைக்கும்.

ஒரு பேச்சுக்கு, அ–ஆ 36–24, ஆ–இ 40–20, அ–இ 45–15 என்று வந்ததாக வைப்போம். எக்செல்லில் எல்லாப் பலத்தையும் 1 என்று போட்டுத் தொடங்குங்கள். அ-வின் மொத்த வெற்றி 81. அது மோதிய ஒவ்வொரு ஜோடிக்கும் 60-ஐ அந்த இரண்டு தூளின் பலக் கூட்டுத்தொகையால் வகுத்து, கிடைத்ததைக் கூட்டுங்கள். 81-ஐ அதனால் வகுத்தால் அ-வின் புதுப் பலம். ஆ (64), இ (35) இரண்டுக்கும் இப்படியே. எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தால் 3:2:1 என்ற விகிதத்தில் வந்து நிற்கும்.

அ ஜெயித்துவிட்டது என்று உடனே மூட்டை வாங்கிவிட வேண்டாம். இரண்டும் சமமாகவே பிடித்திருந்தாலும் 36–24 தற்செயலாக வரக்கூடியதுதான். 60 பேரில் 39 பேராவது ஒரு பக்கம் நின்றால்தான் நம்பலாம். மற்ற ஜோடிகளின் தகவலையும் சேர்த்துப் பார்த்தாலும் அ–ஆ வித்தியாசம் உறுதியாகவில்லை. இ தோற்றது மட்டும் உறுதி, அதை விட்டுவிடுங்கள். அ, ஆ இரண்டை மட்டும் வைத்து, புதிதாக 200 பேரிடமாவது மறுபடி கேளுங்கள்.